வேலை நாயின் கண்ணில் காயம் பட்டால்: புதிதாக நாய் வளர்ப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் நாய்க்கு வேலை உண்டு. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டால் இரவு முழுக்கக் கிடையைச் சுற்றிவருவது நாய்தான். மக்காச்சோளத்துக்குள் காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் மோப்பம் பிடித்துக் குரைப்பதும், தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் காவல் படுப்பதும் அதுதான். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் என்று இனம் பார்த்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான கிடைகளில் நிற்பது பெயரில்லாத நாட்டு நாய். எந்த நாயானாலும் ஓடும்போது தலையை முன்னே நீட்டித்தான் புதருக்குள் பாயும். அதனால் முதல் அடி முகத்தில் விழுகிறது, பல நேரம் கண்ணில்.

இங்கே கண்ணைக் கெடுக்கும் பொருட்களுக்குப் பஞ்சமில்லை. சீமைக்கருவேல முள், உடைமுள், தட்டை அறுத்தபின் நாயின் கண் உயரத்துக்கே கூர்மையாக நிற்கும் மக்காச்சோளக் கட்டை, கம்பங்கதிரின் சுணை, ஆனி ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் பறக்கும் புழுதி. குட்டி நாய் என்றால் பூனையின் நகமும் தாய்க்கோழியின் கொத்தும் சேரும்.

முள் குத்திய கண்ணெல்லாம் போய்விடுவதில்லை. மேலோட்டமான கீறல் சரியான மருந்து கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். பார்வை போவது பெரும்பாலும் அதற்கடுத்த இரண்டு மூன்று நாட்களில் நாம் செய்வதாலும் செய்யாமல் விடுவதாலும்தான். இந்த வழிகாட்டி அந்த நாட்களுக்காக எழுதப்பட்டது.

முதலில் கண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

கண்ணின் முகப்பில் ஒளி ஊடுருவும் படலம் ஒன்று இருக்கிறது. கண்தானத்தில் எடுக்கிறார்களே, அந்தக் கருவிழிதான். நாய்க்கு அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் ரத்தக்குழாய் கிடையாது. வலி நரம்புகள் ஏராளம். எனவே சின்னக் கீறலுக்கும் நாய் கண்ணைத் திறக்காது.

மனிதனுக்கு இல்லாத ஒன்று நாய்க்கு உண்டு: மூன்றாம் இமை. மூக்குப் பக்கத்து மூலையில் மடிந்திருக்கும் இந்தச் சவ்வு கண் வலித்தால் பாதி விழியை மூடிக்கொண்டு வெளியே வரும். புதிதாக நாய் வளர்ப்பவர்கள் இதைப் பார்த்து 'கண்ணில் சதை வளர்ந்துவிட்டது' என்று பயப்படுவார்கள். அது சதை அல்ல, கண்ணைக் காக்க வந்த திரை. அதை வெட்டவோ சுரண்டவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். தூசியும் சுணையும் இதன் அடியில் ஒளிந்துகொள்வது உண்டு. அதை எடுப்பது மருத்துவர் வேலை.

படி 1: நாய் காட்டும் அறிகுறியைப் படியுங்கள்

கண் வலிக்கிற நாய் பெரும்பாலும் கத்தாது. ஒற்றைக் கண்ணை இடுக்கும். முன்னங்காலால் முகத்தைத் துடைக்கும், சுவரிலோ தரையிலோ முகத்தைத் தேய்க்கும். வெயிலுக்கு முகம் கொடுக்காமல் கட்டிலடியில் போய்ப் படுக்கும். கண்ணீர் வழிந்து கண்ணுக்குக் கீழே முடி நனைந்து கோடு விழுந்திருக்கும்.

பீளையின் நிறத்தைக் கவனியுங்கள். தண்ணீர்போல் வடிந்தால் தூசி, கீறல், எரிச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாகத் தள்ளினால் கிருமி சேர்ந்திருக்கிறது. பசைபோல் ஒட்டிக்கொண்டு கண் பளபளப்பு இழந்திருந்தால் கண்ணீர் வற்றும் நோயாக இருக்கலாம். காலையில் மூக்கோரம் ஒரு பொட்டுப் பீளை நிற்பது சிப்பிப்பாறை, கன்னி போன்ற நீண்ட முக நாய்களுக்குச் சாதாரணம். கண்ணின் உள்மூலையில் அவற்றுக்குச் சற்று ஆழமான பள்ளம் இருப்பதால் அங்கே அழுக்கு தேங்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் மூக்கும் இமை ஓரமும் இயல்பிலேயே இளஞ்சிவப்பு. சிவந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே கண்ணைப் போட்டோ எடுத்து போனில் வைத்திருந்தால் சந்தேகம் வரும்போது ஒப்பிட உதவும்.

படி 2: கையைக் கொண்டுபோகும் முன்

எவ்வளவு சாதுவான நாயும் கண் வலியில் கடிக்கும். அது துரோகம் இல்லை, வலி. இரண்டு விரல் அகலத் துணிப்பட்டையால் வாயைச் சுற்றி ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு குறுக்கு, பிறகு காதுக்குப் பின்னால் முடிச்சு. வாய்க்கட்டு அவ்வளவுதான். வெயிலில் மூச்சிரைக்கும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் இதைப் போடக் கூடாது. மற்ற நாய்க்கும் சில நிமிடங்களுக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். திடீரென்று குணம் மாறி, காரணமில்லாமல் பாய்ந்து, எச்சில் ஒழுக்கி, தொண்டை அடைத்ததுபோல் நிற்கும் நாயின் முகத்தருகே கையே கொண்டுபோகாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். தெருநாயோடு சண்டையிட்டுக் கண்ணில் காயம் பட்ட நாய் என்றால், அதற்கு ஏற்கெனவே வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும், கடிபட்ட விவரத்தை மருத்துவரிடம் சொல்லி மறுபடி ஊசி போட வேண்டும். மருந்து விடும்போது உங்களைக் கடித்துவிட்டாலோ, எச்சில் உங்கள் புண்ணிலோ கண்ணிலோ பட்டாலோ, அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். தோலானால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

நாயைக் கழுத்துக் கயிற்றால் இழுத்துப் பிடிப்பதைத் தவிருங்கள். கழுத்து இறுகினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். ஆழமான புண் உள்ள கண் அந்த அழுத்தத்திலேயே கிழியக்கூடும். நெஞ்சைச் சுற்றிக் கயிறு போட்டு, இன்னொருவர் நாயை உட்காரவைத்து மார்போடு அணைத்துப் பிடிக்கட்டும்.

படி 3: வெளிச்சத்தில் பார்ப்பது

நிழலில் உட்காரவைத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். கட்டை விரலால் கீழிமையைத் தாழ்த்தினால் போதும். விழியை அழுத்தக் கூடாது. மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். விழியின் மேல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா, குத்தி நிற்கிறதா? விழி தெளிவாக இருக்கிறதா, நீலம் பாய்ந்தோ வெள்ளை படர்ந்தோ இருக்கிறதா? இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் சுருங்குகின்றனவா?

நாய் கண்ணைத் திறக்க மறுத்தால் வலுக்கட்டாயமாகப் பிரித்துப் பார்க்காதீர்கள். திறக்க மறுப்பதே மருத்துவரிடம் போகப் போதுமான காரணம்.

படி 4: கழுவுவது

வீட்டில் செய்யக்கூடிய சிகிச்சை இது ஒன்றுதான் என்று சொல்வேன். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நார்மல் சலைன் 100 மில்லி பாட்டில், ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச், சுத்தமான காஸ் துணி. பஞ்சு வேண்டாம், அதன் இழை கண்ணில் ஒட்டும்.

சலைனைக் கையில் வைத்துக் குளிர்ச்சி போக்கிக்கொள்ளுங்கள். நாயின் தலையைச் சற்றுச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிமூலை நோக்கி மெல்ல ஓடவிடுங்கள். பீய்ச்சி அடிக்கக் கூடாது. காய்ந்த பீளையைப் பிய்க்காமல் நனைந்த காஸை ஒரு நிமிடம் வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு துடைப்பு. ஒரு கண்ணுக்குத் தொட்ட துணி மறு கண்ணுக்கு ஆகாது. திறந்த சலைன் பாட்டிலை அடுத்த நாள் கண்ணுக்குப் பயன்படுத்த வேண்டாம். சின்ன பாட்டில் வாங்கச் சொல்வது அதற்காகத்தான்.

காட்டில் சலைன் இல்லையென்றால் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் போதும். ஆனால் பூச்சிமருந்து, சுண்ணாம்பு, எருக்கம்பால், கள்ளிப்பால் பட்டுவிட்டால் கொதிக்கவைக்கக் காத்திருக்காதீர்கள். கிடைக்கிற சுத்தமான தண்ணீரை உடனே ஓடவிட்டு, குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். பிறகுதான் வண்டி. சுண்ணாம்பு குறிப்பாக மோசம், கழுவாமல் விட்ட ஒவ்வொரு நிமிடமும் அது உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

தூசியும் ஒட்டிய புல்லும் தண்ணீரோடு வந்துவிடும். விழியில் குத்தி நிற்கும் முள்ளை மட்டும் பிடுங்காதீர்கள். அந்த ஓட்டையை முள்ளேதான் அடைத்துக்கொண்டிருக்கும். எடுத்தால் கண்ணுக்குள் இருக்கும் திரவம் வெளியேறி விழி சுருங்கிவிடும்.

இவற்றை நாயின் கண்ணில் விடவே விடாதீர்கள்

கால்நடை மருத்துவர்களிடம் கிடைக்காரர்கள் பேசும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"ரெண்டு நாளா ஒத்தக் கண்ண மூடிக்கிட்டே கெடக்கு சார். வெளக்கெண்ண விட்டேன், கேக்கல."

"பொகையில எதுவும் துப்புனீங்களா அண்ணாச்சி?"

"லேசாத்தான் சார்."

புகையிலைச் சாற்றைத் துப்புவதும், உப்புத்தூளை ஊதுவதும் மாட்டுக்குச் செய்து பழகிய வழக்கம். அதே கை நாய்க்கும் நீள்கிறது. கண்ணீர் நிறைய வருவதால் 'அழுக்கு வெளியேறுகிறது' என்று தோன்றும். உண்மையில் புண்ணின் மேல் இன்னொரு புண் ஏற்படுகிறது. நந்தியாவட்டைச் சாறும் தாய்ப்பாலும் அவ்வளவு எரிக்காது. ஆனால் கிருமி நீக்கப்படாத எதையும் திறந்த புண்ணில் விடுவது தொற்றுக்கு வழி திறப்பதுதான். விளக்கெண்ணெயிலும் களிம்பிலும் வேறொரு ஆபத்து உண்டு. விழியில் ஓட்டை விழுந்திருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும்.

எருக்கம்பாலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இது கருவிழியின் உட்புறச் செல்களையே தாக்கும். பட்டபின் வலி பெரிதாக இல்லாமலேயே பார்வை மங்குவதை மனிதர்களிடம் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வலிக்கவில்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சங்கரநாராயணர் கோயில் புற்றுமண் நம் ஊரில் பலருக்கு மருந்துபோல. நாய்க்காக வேண்டிக்கொள்ளுங்கள், அதன் நெற்றியில் வையுங்கள். கண்ணுக்குள் மட்டும் மண் போகக் கூடாது.

இமையோரப் புண்ணில் புழு வைத்துவிட்டால் டர்பன்டைன், கற்பூர எண்ணெய், பினாயில் ஊற்றுகிறார்கள். முதுகுப் புண்ணுக்கு அதைப் பார்த்துப் பழகியவர்கள் கண்ணருகே செய்யும்போது புழுவோடு கண்ணும் போகிறது. இமைப் புழுவை மயக்க மருந்து கொடுத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய கவலை மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்துதான். வீட்டில் யாருக்கோ மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கிய பாட்டில் அலமாரியில் இருக்கும், எடுத்து விட்டுவிடுவார்கள். மெட்ராஸ் ஐயை உண்டாக்கும் மனித வைரஸ் நாய்க்கு வருவதில்லை என்பது ஒருபுறம். அந்தப் பாட்டில்களில் பல, ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்தவை. பெட்டியில் பொடி எழுத்தில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளோரோமெத்தலோன், லோட்டிப்ரெட்னால் என்று இருக்கும். பல கம்பெனி மருந்துகளில் பெயரின் வாலாக 'டி' அல்லது 'டிஎக்ஸ்' ஒட்டியிருக்கும்.

ஸ்டீராய்டு சிவப்பைச் சீக்கிரம் குறைக்கும். முதல் நாள் பார்த்தால் கண் தெளிந்ததுபோல் இருக்கும், 'நல்ல மருந்து' என்று பெயரும் வாங்கும். ஆனால் கருவிழியில் புண் இருந்தால் அது ஆறுவதைத் தடுத்து, கிருமிக்கு இடம் கொடுத்து, படலத்தைக் கரைக்கும் நொதிகளுக்குத் துணைபோகும். கருவிழி கூழ்போல் இளகி ஒரே நாளில் ஓட்டை விழுந்த கண்கள் உண்டு. நாயின் கண்ணில் புண் இல்லை என்று சோதித்து உறுதி செய்யாமல் ஸ்டீராய்டு சொட்டு விடக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி நினைவில் நிற்குமானால் அது இதுவாக இருக்கட்டும்.

வலிக்கு மனிதர்களின் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள். நாயின் வயிறு, சிறுநீரகம், ஈரல் பாதிக்கப்படும்.

மணி பார்க்க வேண்டிய நேரங்கள்

கண் இடுக்கிக்கொண்டிருக்கும் எந்த நாயையும் அன்றோ மறுநாளோ காட்டிவிட வேண்டும். கீழே சொல்பவற்றுக்கு மறுநாள் என்ற பேச்சே இல்லை: விழியில் முள் குத்தி நிற்பது, விழிக்குள் ரத்தம் தெரிவது, கருவிழி திடீரென்று நீலமாகவோ வெள்ளையாகவோ மாறுவது, விழியின் மேல் குழி அல்லது கொப்புளம் தெரிவது, ரசாயனம் பட்டது, பார்வை இல்லாமல் முட்டிக்கொள்வது.

சண்டையிலோ வண்டி மோதியோ விழியே வெளியே வந்துவிடுவதும் உண்டு. குட்டை மூக்கு நாய்களுக்கு இது லேசான அடியிலேயே நடக்கும். நீண்ட முகமுள்ள நம் நாய்களுக்கு இது நடந்தால் அடி பலமானது என்று பொருள், தலையிலும் காயம் இருக்கலாம். உள்ளே தள்ள முயலாதீர்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியால் விழியை மூடி, அது காயாமல் மேலும் மேலும் நனைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

படி 5: மருத்துவரிடம்

முதலில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகம் அல்லது மருத்துவமனை. கால்நடை மருத்துவ ஊர்தி உதவிக்கான 1962 என்ற எண்ணில் அழைத்தும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே முடியாத நிலை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின்கீழ் 2012-ல் தொடங்கிய இந்தக் கல்லூரி சங்கரன்கோவில் சாலையிலேயே இருப்பது நமக்கு வசதி. லோடு ஆட்டோவில் போனால் நாயின் முகத்தில் காற்று அடிக்காமல் மறைப்பு வையுங்கள்.

என்ன பட்டது, எப்போது பட்டது, வீட்டில் என்னென்ன விட்டீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். புகையிலை துப்பியதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். மருத்துவர் திட்டினாலும் சிகிச்சை சரியாக நடக்கும். பயன்படுத்திய பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.

அங்கே நடக்கும் சோதனைகளில் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: ஃப்ளோரசின் சோதனை. ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த சின்னக் காகிதப் பட்டையைச் சலைனில் நனைத்து இமைக்குள் தொடுவார்கள். கண்ணைக் கழுவியபின் நீல விளக்கை அடித்தால், கருவிழியில் புண் உள்ள இடம் மட்டும் பளீரென்று பச்சையாகத் தெரியும். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத கீறலும் இதில் கோடாக எழும். புண் கருவிழியின் கடைசி மெல்லிய அடுக்குவரை இறங்கிவிட்டால் அந்த அடுக்கு சாயத்தை ஏற்காது. சுற்றிலும் பச்சை வளையம், நடுவே கறுப்பு என்று தெரியும். நடுவில் பச்சை இல்லையே என்று நிம்மதி அடையக் கூடாது, உடனே அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டிய கண் அது.

கண்ணீர் சுரப்பு குறைந்ததாகச் சந்தேகம் வந்தால் இன்னொரு காகிதப் பட்டையை இமையில் 1 நிமிடம் வைப்பார்கள். 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் நனைந்தால் நல்லது. 10-க்குக் கீழே போனால் கண்ணீர் வற்றும் நோய்க்குத் தனி மருந்து, பெரும்பாலும் ஆயுள் முழுக்க.

சோதனைக்காக விடும் மரத்துப்போகும் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்காதீர்கள். வலி தெரியாமல் நாய் கண்ணைத் தேய்த்துக்கொள்ளும், புண்ணும் ஆறாது.

படி 6: வீட்டில் மருந்து விடுவது

சாதாரணக் கீறலுக்கு ஆன்டிபயாட்டிக் சொட்டு நாளைக்கு 3, 4 வேளை எழுதுவார்கள். கரையும் புண் என்றால் 1 அல்லது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். சில நேரம் நாயின் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தையே சொட்டு மருந்தாகத் தருவார்கள். கரைக்கும் நொதிகளை அது தடுக்கும். ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். கிடையில் ஃப்ரிட்ஜ் ஏது என்றால், அந்த நாட்களுக்கு நாயை வீட்டில் வைத்துக்கொள்வதே வழி.

வலி குறைக்க அட்ரோபின் கொடுத்திருந்தால் கண்மணி விரிந்தே இருக்கும், வெயிலில் கூசும். சொட்டு தொண்டைக்கு இறங்கிக் கசப்பதால் வாயில் நுரை தள்ளும். பயப்பட வேண்டாம். நாயை நிழலில் கட்டுங்கள்.

விடும் முறை: கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாய்க்குப் பின்னாலிருந்து, தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுவாருங்கள். எதிரிலிருந்து பாட்டிலோடு வரும் கையைக் கண்டால் எந்த நாயும் பின்வாங்கும். மேலிமையைச் சற்றே உயர்த்தி, நுனி கண்ணில் படாமல் ஒரே சொட்டு. நாலைந்து சொட்டு விட்டால் மிச்சம் கன்னத்தில்தான் வழியும். இரண்டு மருந்து இருந்தால் நடுவே 5 நிமிடம் விடுங்கள். சொட்டு முதலில், களிம்பு கடைசியில். முடிந்ததும் வாயில் ஒரு கருவாட்டுத் துண்டோ அவித்த முட்டையோ கொடுங்கள். மூன்றாம் நாள் பாட்டிலைக் கண்டதும் நாய் ஓடுவதற்குப் பதில் உட்காரும்.

கழுத்தில் கூம்பு போடுவதை நிறையப் பேர் இரக்கப்பட்டுத் தவிர்க்கிறார்கள். ஒருமுறை காலால் சொறிந்தால் ஒரு வார மருந்து வீண். கடையில் கூம்பு கிடைக்காவிட்டால் அடி வெட்டிய பிளாஸ்டிக் வாளியின் ஓரத்தைத் துணியால் சுற்றிக் கழுத்தில் பொருத்தலாம். தண்ணீரும் சோறும் எட்டும் உயரத்தில் வையுங்கள்.

2, 3 நாளில் மறுபடி காட்டுங்கள். 7 நாள் கடந்தும் புண் ஆறவில்லை என்றால் மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. இமைக்குள் மறைந்த சுணை, உள்நோக்கி மடங்கிய இமை, கண்ணீர் வறட்சி என்று வேறு ஏதோ காரணம் இருக்கும். அதைத் தேட வேண்டும். கண் தெளிந்துவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் கூடாது. திறந்து ஒரு மாதம் ஆன சொட்டு மருந்தைத் தூக்கிப் போடுங்கள்.

இரண்டு கண்ணும் சேர்ந்து கெட்டால்

முள் ஒரு கண்ணைத்தான் குத்தும். இரண்டு கண்ணிலும் பீளை தள்ளினால் உடம்பையும் பாருங்கள். காய்ச்சல், மூக்குச் சளி, இருமல், வயிற்றுப்போக்கு சேர்ந்தால் டிஸ்டெம்பராக இருக்கலாம். இளநாய்களை அது பெரும்பாலும் கொன்றுவிடும். அதைத் தடுக்கும் கூட்டு ஊசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் போட வேண்டும். கிடைநாய்க்கு ஊசி எதற்கு என்று கேட்பவர்களிடம், ஊர் ஊராகப் போய்ப் பல நாய்களோடு பழகும் நாய்க்குத்தான் அது முதலில் வேண்டும் என்று சொல்லுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் இன்னொன்று. கண் உட்புறம் சிவந்து, கலங்கி, ரத்தம்கூடக் கசியும். நாய் சோர்ந்திருக்கும், ஈறு வெளுத்திருக்கும், மூக்கில் ரத்தம் வரலாம். இதற்குச் சொட்டு மருந்து மட்டும் போதாது. ரத்தப் பரிசோதனையும் மருத்துவர் எழுதும் மாத்திரையும் வேண்டும். காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் வாரம் ஒருமுறை உண்ணி தேடிப் பிடுங்கும் பழக்கம் கண்ணையும் காக்கும்.

எப்போது வேலைக்கு அனுப்பலாம்?

கண் திறந்துவிட்டது என்பதற்காகக் கிடைக்கு அனுப்பாதீர்கள். மறுபடி சாயம் விட்டுப் பார்த்து, பச்சை தெரியவில்லை என்று மருத்துவர் சொன்னபின்தான். அதன்பிறகும் சில நாள் முள்காட்டுப் பக்கம் வேண்டாம், வீட்டு வாசல் காவல் போதும்.

ஆழமான புண் ஆறியபின் வெள்ளைத் தழும்பு நிற்கலாம். 'பூ விழுந்துருச்சு' என்று சொல்லி, அதைக் கரைக்க மூலிகை தேடுவார்கள். அது ஆறிய தழும்பு, கரைப்பதற்கு அங்கே அழுக்கு ஒன்றுமில்லை. நாளாக ஆக ஓரளவு மங்கும். மிச்சத்தோடு நாய் வாழப் பழகிவிடும்.

கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னால், ஆறாத வலியோடு வைத்திருப்பதைவிட அது நல்லது என்பதே என் கருத்து. காதும் மூக்கும் கூர்மையாக உள்ள நாய் ஒற்றைக் கண்ணோடு கிடை காக்கும். தூரத்தைக் கணிக்க முதலில் தடுமாறும், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், கொஞ்ச நாளில் சரியாகும். கண் இல்லாத பக்கமிருந்து போகும்போது குரல் கொடுத்துவிட்டுத் தொடுங்கள், பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

கிடைப் பையில் சலைன் பாட்டில் ஒன்று, சிரிஞ்ச், காஸ், துணிப்பட்டை, டார்ச் இருக்கட்டும். மருத்துவரின் எண்ணைப் போனில் ஏற்றி வையுங்கள். மக்காச்சோளக் கட்டை நிற்கும் காட்டில் கிடை போடுவதென்றால் நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியாவது கட்டையை மடக்கி விடுங்கள். மாலையில் நாய்க்குச் சோறு வைக்கும்போது அதன் இரண்டு கண்ணையும் ஒருமுறை பாருங்கள்.

வீட்டு அலமாரியில் உள்ள கண் சொட்டு மருந்தை இப்போதே எடுத்துப் படியுங்கள். மேலே சொன்ன ஸ்டீராய்டு பெயர்களில் ஒன்று அதில் இருந்தால், நாய்க்கு எட்டாத இடத்தில் அல்ல, உங்கள் கைக்கே எட்டாத இடத்தில் வையுங்கள். உங்கள் பக்கத்துக் கிடைக்காரரிடமும் சொல்லுங்கள்.